சமையலறைக் கத்தரிக்கோலைப் பிரித்துத் தீட்டுதல்

கத்தரிக்கோல் என்பது இரண்டு கத்திகளைச் சேர்த்துக் கட்டிய கருவி அன்று. கத்தி தன் விளிம்பின் கூர்மையால் வெட்டுகிறது. கத்தரிக்கோலோ இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் புள்ளியில் வெட்டுகிறது. அந்த உரசல் சரியாக இருந்தால், சுமாரான கூர் உள்ள கத்தரிக்கோல்கூட ஈரக் கொத்தமல்லித் தழையைச் சீராக நறுக்கும். உரசல் கெட்டுவிட்டால், அன்றுதான் சாணை பிடித்து வந்த கத்தரிக்கோலும் பால் பாக்கெட்டின் மூலையை மடித்துக் கவ்விக்கொண்டு நிற்கும். மழுங்கிவிட்டது என்று பரணில் போடப்படும் கத்தரிக்கோல்களில் பல உண்மையில் மழுங்கியவை அல்ல. அவற்றின் நடு ஆணி தளர்ந்திருக்கும், அல்லது ஆணியைச் சுற்றி அழுக்கு ஏறி அலகுகளை விலக்கியிருக்கும். ஆகவே பழைய கத்தரிக்கோலை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். தீட்டுவது அதற்கு அடுத்த வேலை.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சமையலறைகளுக்குக் கத்தரிக்கோல் பிந்தி வந்த பொருள். காய், கீரை, மீன் எல்லாவற்றுக்கும் அரிவாள்மனை போதுமானதாக இருந்தது. கத்தரிக்கோலின் இடம் தையல் பெட்டியும் முடிதிருத்தும் கடையும்தான். பாலும் எண்ணெயும் மசாலாத் தூளும் பிளாஸ்டிக் உறைகளில் வீட்டுக்குள் வரத் தொடங்கியபோது கூடவே கத்தரிக்கோலும் அடுப்பங்கரைக்கு வந்தது. வந்தபின் அதன் வேலை பெருகிவிட்டது. கருவாட்டின் வாலையும் துடுப்பையும் நறுக்குவது, கோழித்துண்டின் கொழுப்பை நீக்குவது, காய்ந்த மிளகாயைத் துண்டாக்குவது, முருங்கைக் காம்பை வெட்டுவது எல்லாம் அதன் தலையில் விழுந்தன. உப்பும் கொழுப்பும் ஈரமும் ஒரே நாளில் மாறி மாறிப் படுகிற கருவி வீட்டில் வேறு அதிகம் இல்லை. துணியை மட்டுமே வெட்டும் தையற்காரரின் கத்தரிக்கோல் பல ஆண்டுகள் உழைக்க, சமையலறைக் கத்தரிக்கோல் சீக்கிரமே இறுகியோ தளர்ந்தோ போவதற்கு இதுவே காரணம்.

கச்சிராயபாளையத்தைக் கடந்து கல்வராயன் மலையேறி, கரியாலூர், வெள்ளிமலை என்று போனால் நிலைமை இன்னும் கடினம். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் அங்கே காற்றின் ஈரம் நாள் கணக்கில் தங்கும். கழுவித் துடைக்காமல் வைத்த சாதாரண எஃகில் ஒரே இரவில் செம்புள்ளி தோன்றிவிடும். சாணைக்காரரின் மிதிவண்டியோ சமவெளித் தெருக்களுக்கு உரியது. சிதறிக் கிடக்கும் மலைச் சிற்றூர்களுக்கு அது ஏறி வருவது அரிது. தன் கையாலேயே பிரித்துத் தீட்டத் தெரிந்திருப்பது அங்கே வீட்டுத் தேவை.

முதலில் கருவியின் அமைப்பு. மூடிய கத்தரிக்கோலைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், நடு ஆணிக்கும் முனைக்கும் இடையே இரண்டு அலகுகளுக்கும் நடுவில் மெல்லிய கீற்றாக ஒளி தெரியும். இது குறைபாடு அல்ல. ஒவ்வோர் அலகும் மிகச் சிறிதளவு வில் போல வளைத்தே செய்யப்படுகிறது. அதற்கும் மேலாக, அலகின் உள்முகம் முழுத் தட்டையாக இராமல் சற்றே குழிவாகக் கடையப்பட்டிருக்கும். இதனால் அலகுகள் முழு நீளத்துக்கும் ஒட்டிக்கொள்வதில்லை. திறந்து மூடும்போது அவை ஒரே ஒரு புள்ளியில்தான் தொடுகின்றன. மூட மூட அந்தப் புள்ளி அடியிலிருந்து முனைவரை நகர்ந்து செல்கிறது. வெட்டு நிகழ்வது அந்தப் புள்ளியில் மட்டுமே. உள்முகத்தின் விளிம்பை ஒட்டி, நூல் அகலத்தில் ஒரு பளபளப்பான கோடு ஓடும். அலகுகள் உண்மையில் உரசிக்கொள்ளும் தடம் அதுதான். தீட்டும்போது இந்தத் தடத்தைக் காப்பாற்றுவதற்குத்தான் மற்ற எல்லா எச்சரிக்கைகளும்.

ஆணிக்குப் பின்பக்கம், கைப்பிடியை நோக்கி, உள்முகத்தில் அரைநிலா வடிவில் சற்று மேடான ஒரு பகுதி இருக்கும். கத்தரிக்கோலைத் திறக்கும்போது இரண்டு அலகுகளின் அரைநிலாக்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முன்பக்கத்தில் விளிம்புகளை நெருக்கித் தள்ளுகின்றன. ஆணி தளர்ந்தால் இந்தத் தள்ளுதல் நின்றுவிடும். கைவிரல்களும் இதே வேலையில் பங்கு கொள்கின்றன. வலக்கையில் பிடிக்கும்போது கட்டைவிரல் ஒரு வளையத்தை வெளிப்புறம் தள்ள, மற்ற விரல்கள் அடுத்ததை உள்ளே இழுக்கின்றன. அந்த விசை விளிம்புகளை ஒன்றோடொன்று நெருக்குகிறது. அதே கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் விசை திசைமாறி, விளிம்புகளை விலக்கிவிடும். இடக்கைக்காரர் ஒருவர் கத்தரிக்கோல் வெட்டவில்லை என்று சொன்னால் அதைச் சாணைக்கு அனுப்புவதில் பயன் இல்லை. அவருக்குத் தேவை அலகுகள் இடவலமாக மாறி அமைந்த கத்தரிக்கோல்.

அடுத்தது எஃகு. கல்வராயன் மலையின் மறுபக்கம் சேலம் மாவட்டம். அதன் கஞ்சமலை காந்த இரும்புத் தாதுவுக்குப் பெயர் பெற்றது. கள்ளக்குறிச்சி பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் வட்டமாக இருந்த காலத்தில், அதே மாவட்டத்தின் கடற்கரையில், பரங்கிப்பேட்டையில், 1830களில் ஜோசியா மார்ஷல் ஹீத் இரும்பு ஆலை நடத்தினார். சேலத்துத் தாதுதான் அதற்கு மூலப்பொருள். ஆலை நிலைக்கவில்லை. ஆனால் எஃகில் ஏற்பட்ட ஈடுபாடு அவரை விடவில்லை. இங்கிலாந்து திரும்பிய ஹீத், எஃகை உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் உலகப் புகழ் பெற்ற ஷெஃபீல்டு நகரின் எஃகுத் தொழிலை அந்த முறை மலிவாக்கியது. அதே ஷெஃபீல்டில் 1913இல் ஹாரி பிரியர்லி ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகை உருக்கினார். இன்றைய சமையலறைக் கத்தரிக்கோல்களில் மிகுதியானவை அந்த இனத்தைச் சேர்ந்தவை.

வீட்டில் எவர்சில்வர் என்று ஒரே பெயரில் வழங்குவது ஒரே உலோகம் அல்ல. தட்டும் சொம்பும் செய்யும் எஃகில் குரோமியத்தோடு நிக்கலும் சேர்ந்திருக்கும். அது எளிதில் வளையும். சூடேற்றிக் குளிரவைத்து அதைக் கடினமாக்க முடியாது. கத்தரிக்கோல் அலகுக்கு வேண்டியது, போதிய கார்பன் உள்ள, பதம் ஏற்றக்கூடிய எஃகு. இரண்டையும் பிரித்தறிய ஒரு சிறு காந்தம் போதும். நல்ல அலகில் அது பட்டென்று ஒட்டும். அலகில் ஒட்டாவிட்டால் அந்தக் கத்தரிக்கோலைத் தீட்டுவதில் உழைப்பைச் செலவிட வேண்டாம், கூர் நிற்காது.

துருப்பிடிக்காத எஃகும் துருப்பிடிக்கும். அதன் மேல் குரோமியம் காற்றோடு சேர்ந்து உண்டாக்கும் மெல்லிய படலமே அதற்குக் கவசம். கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டால் படலம் மீண்டும் வளர்ந்துவிடும். காற்று நுழையாத இடத்தில் அப்படி வளர வழியில்லை. நடு ஆணியின் அடியில், இரண்டு அலகுகளும் நெருங்கிக் கிடக்கும் இடுக்கில், கருவாட்டு உப்புநீர் போய்த் தங்கினால் அங்கே குழி குழியாக அரிப்பு தொடங்குகிறது. வெளியே கண்ணாடி போல் மின்னும் கத்தரிக்கோலைப் பிரித்தால் உள்ளே பழுப்புச் சேறு இருப்பது இதனால்தான்.

பிரிக்கும் முன் நோய் எங்கே என்று பார்த்துக்கொள்வது நல்லது. மெல்லிய பழைய துணி ஒன்றை எடுத்து அடியிலிருந்து முனைவரை ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். வழி நெடுக மடிந்தால் ஆணி தளர்ந்திருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் நூல் மாட்டி இழுத்தால் அந்த இடத்தில் விளிம்பு உடைந்திருக்கிறது. எலும்பையோ கம்பியையோ வெட்டிய அடையாளம் அது. முனையில் மட்டும் வெட்டாவிட்டால் முனை தேய்ந்ததாகவோ வளைந்ததாகவோ இருக்கும். இந்தச் சோதனையிலேயே, ஆணியைக் கால் சுற்று முறுக்கினால் போதும் என்று தெரிந்துவிடுவதும் உண்டு.

பிரிக்கும் முறை ஆணியைப் பொறுத்தது. இப்போது கடைகளில் கிடைக்கும் சில சமையலறைக் கத்தரிக்கோல்கள் கழுவுவதற்காகவே பிரியும்படி செய்யப்பட்டவை. அகலத் திறந்தால் ஓர் அலகின் சாவித்துளை போன்ற ஓட்டை வழியாக மற்றதன் ஆணி தானே வெளிவந்துவிடும். இவற்றில் சிரமம் இல்லை. திருகாணி உள்ளவற்றில் தலையின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் அகலமான திருப்புளி வேண்டும். சிறியதை வைத்துத் திருகினால் பள்ளம் கிழிந்துபோகும், அதன்பின் அந்த ஆணி எதற்கும் அசையாது. பின்பக்கம் நட்டு இருந்தால் அதை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். துருவேறி இறுகியிருந்தால், மண்ணெண்ணெயும் தையல் மிஷின் எண்ணெயும் கலந்து இரண்டு சொட்டு விட்டு ஓர் இரவு வைத்திருந்தால் இளகும். அடுப்பில் காட்டி இளக்கும் பழக்கம் தவறு. ஆணியோடு சேர்ந்து அலகும் சூடாகி, எஃகின் பதம் போய்விடும்.

இரு தலையும் தட்டி அடைத்த ரிவிட் ஆணி உள்ள கத்தரிக்கோல்தான் கடினம். இதில் முதல் யோசனை பிரிக்காமல் இருப்பது. தளர்ந்த ரிவிட்டின் ஒரு தலையைக் கனமான இரும்பின் மேல் வைத்து, மறு தலையைச் சிறு சுத்தியலால் மெல்ல இரண்டு மூன்று தட்டுத் தட்டினால் பல சமயம் இறுகிவிடும். ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு திறந்து மூடிப் பார்க்க வேண்டும். மிகையாக இறுகினால் தளர்த்துவது எளிதல்ல. உள்ளே துரு நிரம்பியிருந்தால் மட்டும், ஒரு தலையை அரத்தால் முழுக்க ராவிவிட்டு, துளைக்கு நேராக ஓட்டையுள்ள மரக்கட்டையின் மேல் வைத்து, மெல்லிய ஆணித் துண்டால் ரிவிட்டை அடித்து வெளியேற்றலாம். கட்டையைத் தாங்கலாக வைக்காமல் அடித்தால் கடினமான அலகு விரிசல் விடக்கூடும். திரும்ப மாட்டும்போது ரிவிட்டுக்குப் பதிலாக, துளைக்கு இறுக்கமாகப் பொருந்தும் மரையாணியும் தானே தளராத நைலான் நட்டும் போடலாம். அப்படிச் செய்தால் அடுத்த முறை பிரிப்பது எளிது. பழைய கத்தரிக்கோலுக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இதைவிடப் பெரியது இல்லை.

மீரட் நகரத்துக் கத்தரிக்கோல்களை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அவை பழைய வாகனங்களின் எஃகை மறுபடி காய்ச்சி அடித்துச் செய்யப்படுபவை. பிரித்துத் தீட்டித் திரும்ப மாட்டும்படி அமைந்தவை. தாத்தா வாங்கினால் பேரன் பயன்படுத்துவான் என்பது அவற்றைப் பற்றி வடக்கே வழங்கும் பேச்சு. அந்த ஆயுளில் எஃகுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு கழற்றக்கூடிய ஆணிக்கும் உண்டு.

பிரித்தவுடன் எந்த அலகு மேலே இருந்தது, வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் குறித்துக்கொண்டு சுத்தம் செய்யலாம். பிசுக்குக்குச் சோப்பு நீரும் பழைய பல்துலக்கியும் போதும். துருவுக்குக் கல்வராயன் மலையிலேயே மருந்து உண்டு. அங்கு விளையும் புளியைக் கரைத்து, துருப்பட்ட பகுதி மூழ்கும்படி ஒரு மணி நேரம் வைத்தால், புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் துருவை இளக்கிவிடும். நேரம் கூடினால் நல்ல எஃகையும் தின்னத் தொடங்கும் என்பதால் இடையிடையே எடுத்துப் பார்க்க வேண்டும். எடுத்ததும் சமையல் சோடா கலந்த நீரில் கழுவி, அப்போதே உலர்த்த வேண்டும். ஈரத்தோடு விட்ட அலகு முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும்.

மலையில் சேகரிக்கப்படும் கடுக்காய் வேறு விதமாக உதவும். கடுக்காயில் துவர்ப்புக்குக் காரணமான டானின் மிகுதி. கடுக்காய்த் தூளைக் காய்ச்சிய நீரை, சாதாரண எஃகில் செய்த கைப்பிடியில் மிஞ்சியிருக்கும் மெல்லிய துருவின் மேல் தடவினால், அது கருநீலமாக மாறி இறுகிவிடும். கலம்காரித் துணியில் கறுப்பு உண்டாவதும் இரும்பும் கடுக்காயும் சேரும் இதே வினையால்தான். இந்தக் கறுப்புப் படலம் புதிய துருவை மட்டுப்படுத்தும். எவர்சில்வர் அலகுக்கு இது தேவையில்லை.

இனிக் கல். பழைய சாணை, குருந்தக்கல் தூளை அரக்கில் பிணைத்துச் செய்த சக்கரம். குருந்தம் வைரத்துக்கு அடுத்த நிலையில் உள்ள கடினமான கனிமம். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் அது கிடைப்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. இன்று அந்த இடத்தைக் கார்போரண்டம் பிடித்துக்கொண்டது. எட்வர்ட் ஆச்சிசன் 1890களின் தொடக்கத்தில் மின் உலையில் உண்டாக்கிய சிலிக்கன் கார்பைடு அது. 1954இல் தொடங்கப்பட்ட கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் சென்னையில் இருந்தே இவ்வகைப் பொருள்களைச் செய்து வருகிறது. ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் மழமழப்பாகவும் உள்ள இருமுகக் கல் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும். வீட்டுக்கு அது போதும். அம்மியின் விளிம்பிலும் வாசற்படியிலும் கத்தியைத் தேய்ப்பது போலக் கத்தரிக்கோலைத் தேய்க்கக் கூடாது. கோணம் நிலைக்காது.

மிதிவண்டியில் வரும் சாணைக்காரர் மிதிகட்டையை மிதித்துச் சக்கரத்தைச் சுழற்றுகிறார். மின்சாரச் சக்கரத்தைவிட அது மெதுவாகச் சுழல்வது எஃகுக்கு நல்லது. பொறி பறப்பது திறமைக்கு அடையாளம் அல்ல. அலகின் விளிம்பில் வைக்கோல் நிறம் தோன்றி நீலமாக மாறினால், ஏறத்தாழ 300 டிகிரி வெப்பம் ஏறிப் பதம் இளகிவிட்டது என்று பொருள். மெல்லிய முனைக்கு இந்த ஆபத்து அதிகம். நல்ல சாணைக்காரர் அலகை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருப்பார், அடிக்கடி நீரில் தொடுவார். தீட்டியதும் ஆணியைத் தட்டிச் சரிசெய்து, துணித் துண்டை வெட்டிக் காட்டித் தருபவரிடம் கத்தரிக்கோலை நம்பிக் கொடுக்கலாம்.

கல்லில் தீட்டும் முறைக்குக் கள்ளக்குறிச்சியிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 2021இல் புவிசார் குறியீடு பெற்றவை கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்கள். அவற்றைச் செதுக்குவோர் ஒரு பக்கம் மட்டும் சரிவுள்ள உளியைத் தீட்டும்போது சரிவான பக்கத்தைத்தான் கல்லில் தேய்க்க வேண்டும். தட்டையான பின்முகத்தைச் சரித்துத் தேய்த்தால் உளி கெட்டது. கத்தரிக்கோலுக்கும் அதே விதி. வெளிப்புறச் சரிவைத்தான் தீட்ட வேண்டும். உள்முகத்தைக் கத்தி போலச் சரித்துத் தேய்ப்பதே வீடுகளில் நடக்கும் பெருந்தவறு. அப்படிச் செய்தால் உரசும் தடம் போய்விடும், அலகுகளுக்கு இடையே வெளி விழும், அந்த வெளிக்குள் துணியும் உறையும் மடிந்து புகுந்துகொள்ளும்.

சரிவின் கோணம் கத்தியைவிட மிகச் செங்குத்தானது. கத்தியைக் கல்லில் 15 முதல் 20 டிகிரி சாய்த்துப் பிடிக்கிறோம் என்றால், சமையலறைக் கத்தரிக்கோலின் சரிவைக் கல்லில் படியவைத்தால் அதன் உள்முகம் ஏறத்தாழ 60 டிகிரி, சிலவற்றில் அதற்கும் மேலாக, நிமிர்ந்து நிற்கும். எண்ணைக் காட்டிலும், ஆலையில் வைத்த கோணத்தையே பின்பற்றுவது முக்கியம். அதற்கு எளிய வழி, சரிவு முழுவதையும் மார்க்கர் பேனாவால் கறுப்பாக்குவது. ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தால் கறுப்பு எங்கே அழிந்தது என்று தெரியும். விளிம்பருகே மட்டும் அழிந்தால் அலகு மிகையாக நிமிர்ந்திருக்கிறது. உள்ளே தள்ளி அழிந்தால் மிகையாகச் சாய்ந்திருக்கிறது. சரிவு முழுக்க அழியும் பிடியைக் கை கண்டுகொண்டபின் மாற்றக் கூடாது.

கல்லை நீரிலோ எண்ணெயிலோ நனைத்து, அலகின் அடியிலிருந்து முனைவரை ஒரே இழுப்பாக, ஒரே திசையில் இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் அரக்கித் தேய்த்தால் கோணம் ஆடும். விளிம்பில் உடைவு இருந்தால் சொரசொரப்பான பக்கத்தில் தொடங்கலாம். இல்லையென்றால் மழமழப்பான பக்கமே போதும். அழுத்தம் வேண்டாம். சில இழுப்புகளுக்குப் பின் உள்முகத்தின் விளிம்பைக் குறுக்காக விரல்நுனியால் வருடினால் கம்பி போன்ற மெல்லிய பிசிறு தட்டுப்படும். அடியிலிருந்து முனைவரை பிசிறு எழுந்துவிட்டால் அந்த அலகு முடிந்தது. அதற்கு மேல் தேய்ப்பது எஃகை வீணாக்குவதே.

பிசிறை நீக்க மட்டும் உள்முகம் கல்லைத் தொடலாம். மழமழப்பான பக்கத்தில் உள்முகத்தை முழுவதும் படியவைத்து, சிறிதும் தூக்காமல், ஒன்றிரண்டு முறை லேசாக இழுத்தால் போதும். குழிவின் காரணமாக ஓரத் தடம் மட்டுமே கல்லில் படும். தடம் சீராக மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம். பிசிறோடு ஆணியை மாட்டி மூடினால், ஓர் அலகின் பிசிறு மற்றதன் புதிய விளிம்பைக் கீறிவிடும்.

சமையலறைக் கத்தரிக்கோலில் ஓர் அலகு மட்டும் நுண்ணிய பற்களோடு இருப்பது வழக்கம். வழுக்கும் கோழித்தோலையும் பிளாஸ்டிக் உறையையும் நழுவாமல் பிடிக்க அந்தப் பற்கள் உதவுகின்றன. பல்லுள்ள அலகின் சரிவைத் தீட்டினால் பற்கள் போய்விடும். அதில் பிசிறு மட்டும் நீக்கி, மற்ற அலகைத் தீட்டினால் போதும். உப்புத்தாளையோ அலுமினியத் தாளையோ பலமுறை வெட்டினால் கூர் வரும் என்பது பரவலான நம்பிக்கை. அதனால் விளிம்பின் சிறு பிசிறு சீராகிச் சற்று நேரம் நன்றாக வெட்டுவது உண்மை, ஆனால் தேய்ந்த சரிவு அதனால் திரும்பாது.

திரும்ப மாட்டும்போது ஆணிக்கும் அரைநிலாவுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் வேண்டும். கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய் என்றாலும் அது இதற்கு ஏற்றதல்ல. நாளடைவில் பிசினாகும், அதோடு 24 டிகிரிக்குக் கீழே உறையும் எண்ணெய் அது, வெள்ளிமலையின் மார்கழிக் காலையில் ஆணிக்குள் கட்டியாக நிற்கும். தையல் மிஷின் எண்ணெய் வேலை செய்யும். உணவில் படும் கருவி என்பதால் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் அதைவிடப் பொருத்தம்.

எவ்வளவு இறுக்குவது என்பதற்கும் அளவு உண்டு. முனை மேலே பார்க்க ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு, மற்ற அலகைச் செங்கோணத்துக்குத் திறந்து விட்டுவிட வேண்டும். அது சிறிது தூரம் தானே இறங்கி, முழுக்க மூடாமல் நின்றால் இறுக்கம் சரி. சடக்கென்று மூடிவிட்டால் தளர்வு. அசையாமல் நின்றால் மிகை இறுக்கம். அப்படியே பயன்படுத்தினால் புதிய விளிம்புகள் ஒன்றையொன்று தின்னும். அதன்பின் ஈரமான ஒற்றைக் கறிவேப்பிலையை முனையால் வெட்டிப் பார்க்கலாம். நசுங்காமல் இரண்டானால் வேலை முடிந்தது.

எல்லாக் கத்தரிக்கோலும் மீளாது. முலாம் பூசிய மலிவான இரும்பில் முலாம் உரிந்து விளிம்பு வெளிப்பட்டுவிட்டால் கூர் சில நாள்தான் நிற்கும். உள்முகம் முன்பே சரித்துத் தேய்க்கப்பட்டிருந்தால் குழிவை மறுபடி கடைய வேண்டும். அதற்கு வீட்டுக் கல் உதவாது. அலகின் வில் வளைவு போயிருந்தால் அதைத் தட்டி மீட்பது பட்டறைக்காரரின் கைவேலை, அதுவும் விரிசல் இல்லாத அலகில் மட்டும். மற்றவை பிரித்து, துடைத்து, வெளிச்சரிவை மட்டும் தீட்டி, ஆணியை அளவாக இறுக்கினால் பழைய வேலைக்குத் திரும்பும். எலும்புக்கும் கம்பிக்கும் அவற்றைப் பயன்படுத்தாமல், கருவாடு வெட்டிய அன்றே கழுவித் துடைத்து வைத்தால், கல்லில் தீட்டும் வேலை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் வராது.